நாடக மேடையிலிருந்து திரைக்குப் போன குணச்சித்திர நடிகரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? நெல்லைச் சீமையில் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் விசாரித்துப் பார்த்தால், நாடகக் கம்பெனியில் இருந்துவிட்டுப் பிறகு சினிமாவிலும் நடித்த ஒருவரைப் பற்றிய பேச்சு பல ஊர்களில் இருக்கும். அவர் நீதிபதியாகவோ, பெண்ணைப் பெற்றவராகவோ, பண்ணையாரின் கணக்குப்பிள்ளையாகவோ இரண்டு மூன்று காட்சிகளில் வந்திருப்பார். ஊரார் அந்தக் காட்சியை இன்றும் நடித்துக் காட்டுவார்கள். ஆனால் அவர் எந்த ஆண்டு ஊரைவிட்டுப் போனார், எந்தக் கம்பெனியில் யாரிடம் பாடம் கேட்டார், கடைசிக் காலத்தில் எப்படிப் பிழைத்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை முறையாக எழுதிவைக்க விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கும், ஊர் வரலாறு எழுதும் ஆசிரியர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில், இந்த வேலையில் நான் கடைப்பிடித்துவரும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதன்மையான ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். குணச்சித்திர நடிகரின் வாழ்க்கையைத் திரைப்படப் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. கதாநாயகனுடைய படங்களை வரிசைப்படுத்தினாலே அவருடைய வரலாற்றில் பெரும்பகுதி கிடைத்துவிடும். குணச்சித்திர நடிகரோ திரைக்கு வரும்போதே தேர்ந்த நடிகராக வருகிறார். அவருடைய குரலும் நடையும் பார்வையும் எங்கோ ஒரு தகரக் கொட்டகையில், இரவு முழுவதும் கண்விழித்த கூட்டத்தின் முன்னால், பல ஆண்டுகள் பழக்கப்பட்டவை. உடன்குடி வட்டாரத்துச் சுண்டங்கோட்டையில் 1914-ல் பிறந்த டி.எஸ். பாலையா 1936-ல் வெளிவந்த 'சதி லீலாவதி' மூலம் திரைக்கு வந்தபோது நாடகக் கம்பெனியில் ஏற்கெனவே பயிற்சி பெற்றவராக இருந்தார். 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராக அவர் காட்டிய செருக்கை வியக்கிறவர்கள், அந்த உடம்பு எங்கே பழகியது என்று கேட்டாக வேண்டும். நாம் எழுதப்போகும் நடிகர் பாலையா அளவுக்குப் பெயர் பெற்றவராக இல்லாமல் இருக்கலாம்; ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.

ஊரையும் ஆண்டையும் சரிபார்த்தல்

நம் சீமையில் பிறந்த ஊரைக் குறிப்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடும். தூத்துக்குடி 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்தது; தென்காசி 2019 வரை இருந்தது. ஆகவே பழைய தாள்களில் 'திருநெல்வேலி ஜில்லா' என்று இருப்பதை வைத்து இன்றைய நெல்லை மாவட்டத்தில் தேடக் கூடாது. செங்கோட்டை இன்னும் கவனிக்க வேண்டிய ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு அது திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி நிர்வாகத்தில் இருந்தது. அதன் பின்புதான் நெல்லையோடு சேர்ந்தது. மேடையில் பாட்டால் பேர் எடுத்த எஸ்.ஜி. கிட்டப்பாவும், குணச்சித்திர வேடங்களுக்குப் பேர்போன எஸ்.வி. சுப்பையாவும் அந்த ஊர்க்காரர்கள். அங்கே பிறந்த ஒருவருடைய பள்ளிச் சான்றிதழையோ வீட்டுப் பத்திரத்தையோ தேடுகிறவர், அன்றைய ஆவணங்களில் மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் எதிர்ப்படும் என்பதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றுவது எளிது. அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடியும் வரை உள்ள தேதிக்கு 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடியும் வரை உள்ள தேதிக்கு 825-ஐக் கூட்ட வேண்டும். கொல்லம் 1110 ஐப்பசி என்றால் 1934; அதே 1110 மாசி என்றால் 1935. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுற்றை நினைவில் வைக்க வேண்டும். 'பார்த்திப வருஷம் கம்பெனியில் சேர்ந்தேன்' என்று ஒருவர் எழுதிவைத்திருந்தால் அது 1945-46 ஆகவே இருக்க முடியும், ஏனென்றால் அதற்கு முந்தைய பார்த்திப 1885-லும் பிந்தையது 2005-லும் வருகின்றன.

வாய்மொழியாகச் சொல்கிறவர்களிடம் ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் பிசகிவிடும். எந்த நிகழ்ச்சிக்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். மகாத்மாவைச் சுட்ட செய்தி வந்தபோது எந்த ஊரில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தீர்கள், 1964-ல் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது பட்டணத்தில் இருந்தீர்களா ஊரில் இருந்தீர்களா, 1992-ல் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது பெட்டியில் இருந்த போட்டோக்கள் தப்பினவா என்று கேட்பது பயன்தரும். கடைசிக் கேள்விக்கு ஆற்றங்கரை ஊர்களில் வருகிற பதில் பல நேரம் வருத்தம் தருவதாக இருக்கும். நனைந்து போனது என்னென்ன என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இல்லாமல் போன ஆவணத்தின் விவரமும் வரலாற்றுக்கு ஒரு ஆவணம்தான்.

நோட்டீஸைப் படிக்கும் முறை

நாடக நோட்டீஸ்தான் இந்த வேலையின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். மெல்லிய சிவப்பு, பச்சை, மஞ்சள் தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்சான அந்த ஒற்றைத் தாளை மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் படிக்க வேண்டும். உச்சியில் தெய்வத்தின் பெயர். அதன் கீழே ஊரும் கொட்டகையும். பிறகு தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை ஆகிய மூன்றும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பழைய பஞ்சாங்கத்தை வைத்துச் சரிபார்த்தால், நோட்டீஸில் ஆண்டு அச்சாகாமல் போயிருந்தாலும் அது எந்தெந்த ஆண்டுகளாக இருக்க முடியும் என்று குறுக்கிக்கொள்ளலாம்.

நடுவில் நடிகர்களின் பெயர்கள் இருக்கும். எழுத்தின் அளவை அங்கே கவனியுங்கள். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) ஆகியோரின் பெயர்கள் பெரிய எழுத்தில் வரும். நம்முடைய நடிகர் எமனாகவோ, நாரதராகவோ, கிழவராகவோ, மந்திரியாகவோ நடித்திருந்தால் சிறிய எழுத்தில் இருப்பார். ஒரே நடிகரின் பெயர் சில ஆண்டுகளில் சிறிய எழுத்திலிருந்து நடுத்தர எழுத்துக்கு ஏறி, முன்னால் ஒரு பட்டமும் சேர்ந்திருந்தால், அவருடைய வளர்ச்சிக்கு அதைவிடத் தெளிவான சான்று வேறு கிடையாது. பெயரோடு வருகிற ஊர்ப்பெயரையும், முதலெழுத்தையும், பட்டத்தையும் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் சுப்பையா, சண்முகம், சுடலைமுத்து, இசக்கி என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு இருப்பதால், முதலெழுத்தை விட்டுவிட்டால் இரண்டு மனிதர்களின் வாழ்க்கை ஒன்றாகக் கலந்துவிடும். அடியில் டிக்கெட் விலையும், பெண்களுக்குத் தனி இடம் உண்டு என்ற அறிவிப்பும், மிகச் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயரும் இருக்கும். அச்சகம் எந்த ஊர் என்பதிலிருந்து கம்பெனி அப்போது எங்கே முகாமிட்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

நோட்டீஸ் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. நடிகரின் வீட்டில் கிடைக்காவிட்டால் ஹார்மோனியக்காரர் வீட்டில் கிடைக்கலாம். அங்கும் இல்லாவிட்டால், கொடைவிழா நடத்தும் கோயில் கமிட்டியாரிடம் போக வேண்டும். அவர்களுடைய பழைய வரவு செலவு நோட்டில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, மேளம், வாணவேடிக்கை ஆகியவற்றுக்கு எழுதிய செலவுகளோடு நாடகத்துக்குக் கொடுத்த அட்வான்ஸும் எழுதப்பட்டிருக்கும். மைக் செட் வாடகைக்கு விடும் குடும்பங்களையும் விட்டுவிடக் கூடாது. எந்த ஊர்க் கொடைக்கு எந்த நாடகம் நடந்தது என்பதை அவர்கள் ஆச்சரியப்படும்படி நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னையில் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் சேகரித்துப் பாதுகாக்கப்படுகின்றன. ஊரில் தேடி முடித்த பிறகு, பெயர்களும் கம்பெனிகளும் கையில் இருக்கும்போது அங்கே போனால் தேடுவது எளிதாகும்.

பெரியவர்களிடம் பேசுதல்

பேட்டி என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் சட்டை மாற்றிக்கொண்டு, மேடைத் தமிழில் பேசத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் குறிப்பேடும் பதிவுக்கருவியும் வேண்டாம். தாத்தா என்றோ அண்ணாச்சி என்றோ உறவு வைத்துக் கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி அறிமுகமாகி, இரண்டாம் சந்திப்பில் அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். காலை வேளை நல்லது. வீட்டு ஆச்சி பக்கத்தில் இருப்பது மிகவும் நல்லது. அவர் மறந்ததை இவர் எடுத்துக்கொடுப்பார்.

பிறந்த தேதியையும் விருதுகளையும் முதலில் கேட்க வேண்டாம். முதலில் போட்ட வேடம் எது, அந்த வேடத்துக்கு முகத்தில் என்ன பூசினார்கள், உடை யாருடையது, எந்தப் பக்கத்துப் படுதாவிலிருந்து நுழைந்தீர்கள் என்று உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளைக் கேளுங்கள். உடம்பின் நினைவு அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. ஸ்பெஷல் நாடகங்களில் (நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் நாடகங்களில்) எமன் வேடம் கட்டிய ஒரு பெரியவரிடம், எமன் எப்படி வருவான் என்று நான் கேட்டபோது, அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வலக்கையில் இருந்த ஊன்றுகோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். வலக்கையில் பாசக்கயிறு இருக்க வேண்டும் என்பது அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத செய்தி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, 'அப்பம்லாம் அஞ்சு கட்டைல எடுப்பம், இப்பம் ரெண்டு கட்டைக்கே மூச்சு வாங்குது' என்று சொல்லிவிட்டு, சன்னமான குரலில் விருத்தத்தைத் தொடங்கினார். எந்த ஊர், எந்த ஆண்டு என்று அதற்கு முன் கேட்டபோது நினைவில்லை என்று சொன்னவர், விருத்தம் முடிந்ததும் அதைப் பாடிய கொட்டகைகளின் பெயர்களைத் தாமாகவே வரிசையாகச் சொன்னார்.

பேச்சை எழுத்தில் கொண்டுவரும்போது அவர் மொழியைத் திருத்தாதீர்கள். 'அவிய வந்தாவ', 'வாத்தியாரு அடிச்சாவன்னா அழக் கூடாது' என்று அவர் சொன்னது அப்படியே மேற்கோளில் இருக்க வேண்டும். உங்களுடைய விளக்கம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும்.

கேட்க வேண்டியவற்றில் வாத்தியார் யார் என்பது முக்கியமானது. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினார். பிற்காலத்தில் ஔவையார் வேடத்தால் புகழ்பெற்ற டி.கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அந்தச் சபையில் சேர்ந்து பயின்றவர்கள். எமனாகவும் சனீஸ்வரனாகவும் இரணியனாகவும் மேடையில் நின்ற சுவாமிகள் 1922-ல் மறைந்த பிறகும், அவருடைய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' போன்ற நாடகங்களே கம்பெனிகளுக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கும் அடிப்படைப் பாடமாக இருந்தன. ஆகவே உங்கள் நடிகரின் வாத்தியாருக்கு வாத்தியார் யார் என்று பின்னோக்கிப் போனால், பல நேரம் சுவாமிகளிடம்தான் போய்ச் சேருவீர்கள். சுவாமிகளின் பெயரைச் சொல்லும்போது பழைய நடிகர்கள் கை குவிப்பதைப் பார்க்கலாம்; நாடக நடிகர் சங்கங்கள் இன்றும் அவருக்குக் குருபூஜை நடத்துகின்றன.

கம்பெனி நடிகருக்கும் ஸ்பெஷல் நாடக நடிகருக்கும் உள்ள வேறுபாட்டையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கம்பெனி என்றால் ஒரே குழு, ஒரே சமையல், ஒத்திகை, ஒரு ஊரில் பல மாத முகாம். ஸ்பெஷல் நாடகம் என்றால் நடிகர்களைத் தனித்தனியே வெற்றிலை பாக்கும் முன்பணமும் கொடுத்து அமர்த்துவார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம் தெரியும் என்பதால் ஒத்திகையே இல்லாமல், அன்றிரவுதான் முதன்முதலாகச் சந்திக்கும் இருவர் விடியும் வரை வள்ளியும் முருகனுமாகத் தர்க்கம் செய்வார்கள். இரண்டு வகையிலும் இருந்தவர்கள் உண்டு. எந்த ஆண்டுகளில் எந்த வகை என்று பிரித்து எழுதாவிட்டால், அவருடைய சம்பளமும் ஊர்ப் பயணங்களும் ஒன்றும் விளங்காமல் போகும்.

மகரக்கட்டுக்குப் பிறகு என்ன நடந்தது?

சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், இந்தக் கேள்விக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கலாம். எட்டு வயதிலோ பத்து வயதிலோ கம்பெனியில் சேர்ந்த பையன், குரல் இனிமையாக இருந்தால் ஸ்திரீபார்ட்டாகவோ பால பார்ட்டாகவோ முன்னணிக்கு வந்துவிடுவான். ஊர் ஊராக மெடல் குத்துவார்கள். பிறகு ஒருநாள் குரல் உடைந்து மகரக்கட்டு வந்துவிடும். நேற்று வரை 'ஒன்ஸ்மோர்' வாங்கிய பையன் இன்று பாடினால் கொட்டகை சிரிக்கும். குரல் திரும்பவும் நல்லபடியாக வந்தவர்கள் ராஜபார்ட் ஆனார்கள். வராதவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். சிலர் படுதா இழுக்கவும் சமையலுக்கு உதவவும் இருந்தார்கள். சிலர் பாட்டுக் குறைவான கிழவர் வேடத்தையும், வில்லன் வேடத்தையும், ஹாஸ்யத்தையும் பிடித்துக்கொண்டு, வசனத்தையும் முகபாவத்தையும் வைத்தே கூட்டத்தைக் கட்டிப்போடக் கற்றுக்கொண்டார்கள்.

பேசும்படம் வந்து, காலப்போக்கில் பின்னணிப் பாடகர்கள் பாடுவது வழக்கமான பிறகு, கடைசியாகச் சொன்னவர்களுக்குத்தான் அந்தப் பயிற்சி கைகொடுத்தது. இருபது வயதில் அறுபது வயதுக் கிழவராக நடித்துப் பழகியவருக்கு, காமிரா முன்னால் தகப்பனாராக நிற்பது கடினமாக இல்லை. ஆகவே குரல் உடைந்த அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அவருக்கு யார் சோறு போட்டார்கள், எந்த வாத்தியார் வேறு வேடத்துக்குத் தயார் செய்தார், பழைய வேடத்தை யார் எடுத்துக்கொண்டார், அதைப் படுதா ஓரத்தில் நின்று பார்த்தபோது என்ன நினைத்தார் என்றெல்லாம் கேளுங்கள். இதை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார். நீங்கள் காத்திருக்க வேண்டும்.

வீட்டாரின் கணக்கு

நடிகர் சொல்லும் கதையில் கைதட்டல் அதிகம் இருக்கும்; மனைவியும் மகளும் சொல்லும் கதையில் அரிசியும் அடகுக் கடையும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வாழ்க்கை முழுமையாகும். பட்டணத்திலிருந்து மணியார்டர் எந்த மாதங்களில் வந்தது, வராத மாதங்களில் வீட்டை யார் நடத்தினார்கள், அவர் நாடகக்காரர் என்பதால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடை வந்ததா என்று மெதுவாகக் கேட்கலாம். பெண் நடிகையைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர் மேடையில் பட்ட பெருமையைப் போலவே ஊரில் கேட்ட ஏச்சும் அதிகம். அவர் எழுத வேண்டாம் என்று சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் எழுதக் கூடாது.

மணியார்டர் துண்டு, கம்பெனியின் சம்பளச் சீட்டு, நடிகர் சங்க உறுப்பினர் அட்டை, இயல் இசை நாடக மன்றத்திலிருந்து வந்த கடிதம் ஆகிய எல்லாமே பயன்படும். பாளையங்கோட்டையில் இருந்து ஒலிபரப்பாகும் திருநெல்வேலி வானொலியில் அவர் நாடகம் நடித்திருந்தால், நிலையம் அனுப்பிய ஒப்பந்தக் கடிதத்தில் நாடகத்தின் பெயரும் தேதியும் தொகையும் இருக்கும். 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்படி பிரதியைக் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்த காலத்து நாடகப் பிரதிகளில் அதிகாரிகளின் முத்திரையும் கையெழுத்தும் இருந்தால், அந்தப் பக்கத்தைத் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காகிதத்தையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம். கைப்பேசியில், வாசல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் படம் எடுத்தால் போதும். கிழிந்த நோட்டீஸில் செல்லோடேப் ஒட்டுவதும், பழைய போட்டோவை லேமினேஷன் செய்வதும் அதை அழிப்பதற்குச் சமம். போட்டோவின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதாமல், மெல்லிய பென்சிலால் ஓரத்தில் பெயர்களைக் குறியுங்கள்.

படங்களின் பக்கம் வருதல்

இவ்வளவும் சேர்ந்த பிறகு திரைப்படப் பட்டியலைத் தொடங்கலாம். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் அச்சாகியிருக்கும். படமே கிடைக்காத பழைய படங்களுக்கு அதுவே சான்று. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாற்று நூலில் ஆண்டு வாரியாகப் படங்களின் விவரம் இருக்கிறது. படம் கிடைத்தால் தலைப்பு எழுத்துகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாமல் முகம் மட்டும் வந்தால், வீட்டாரில் இருவர் தனித்தனியே பார்த்து அடையாளம் சொன்ன பிறகு பட்டியலில் சேர்த்து, 'பெயர் திரையில் இல்லை, குடும்பத்தார் அடையாளம் காட்டியது' என்று பக்கத்தில் எழுதுங்கள். நடித்ததாகச் சொல்லி ஆதாரம் கிடைக்காத படங்களுக்குத் தனிப் பட்டியல் போடுவது நேர்மையானது.

படங்களைப் பற்றி எழுதும்போது 'சிறப்பாக நடித்தார்', 'பாத்திரமாகவே வாழ்ந்தார்' என்ற சொற்றொடர்களைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் என்ன செய்தார் என்று எழுதினால், சிறப்பா இல்லையா என்பது வாசகருக்கே தெரிந்துவிடும். 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் தம் தகப்பனாராக வரும் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். அதில் பேச்சு பெரும்பாலும் நாகேஷுடையது. பாலையா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அலட்சியமாகக் கேட்கத் தொடங்கும் அந்த முகம், கதையின் ஒவ்வொரு சத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயந்து, கடைசியில் தம்மை மறந்து கதைக்குள்ளேயே போய்விடுவதால்தான் அந்தக் காட்சி நிற்கிறது. கேட்பவர் நடிக்காவிட்டால் சொல்பவரின் திறமை வெளியே தெரியாது என்ற பாடத்தை மேடையில் படித்தவர்கள் குணச்சித்திர நடிகர்கள். உங்கள் நடிகர் வரும் காட்சியையும் இப்படியே, ஒலியைக் குறைத்து ஒருமுறை, படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு ஒருமுறை என்று பார்த்து, அவர் கண், கை, இடைவெளி ஆகியவற்றை எழுதுங்கள். பாட்டுக் காட்சியாக இருந்தால் பாடிய குரல் யாருடையது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஹேமநாத பாகவதரின் பாட்டைப் பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா, அந்தக் குரலுக்குக் கழுத்து நரம்பும் கர்வமும் கொடுத்தவர் பாலையா.

மேடையில் செய்ததைத் திரையில் எப்படிக் குறைத்துக்கொண்டார் என்பதையும் அவரிடமோ அவரோடு இருந்தவர்களிடமோ கேட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பேசிய குரலை, மைக்கின் அருகே பேசும்படி அடக்குவது பலருக்குப் பெரும் போராட்டமாக இருந்திருக்கிறது. அதை அடக்கத் தெரியாமல் திரையில் நிற்காமல் போனவர்களும் உண்டு. உங்கள் நடிகர் அப்படிப் போனவராக இருந்தாலும் வாழ்க்கை எழுதத் தகுந்தவர்தான். ஊர்க் கொடைகளில் அவர் கட்டிய வேடங்களுக்கு இருந்த மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

எழுதி முடித்த பின்

எழுதும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேடங்களின் வரிசையில் எழுதுவதை நான் விரும்புகிறேன். கேட்டது எது, ஆவணத்தில் பார்த்தது எது, நீங்கள் ஊகித்தது எது என்று வாசகருக்குப் புரியும்படி வாக்கியங்கள் இருந்தால் சரி. ஒரே நிகழ்ச்சியை இருவர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கைப்பிரதியை நடிகரிடமோ, அவர் இல்லாவிட்டால் வீட்டாரிடமோ வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். படிக்கப் படிக்கப் புதிய செய்திகள் வரும். நீக்கச் சொல்வதும் வரும். நீக்கிய பகுதிகளை நீக்கியே விட வேண்டும். பிறகு பதிவுகளையும் படங்களையும் இரண்டு இடங்களில் வையுங்கள்: ஒரு பிரதி குடும்பத்துக்கு, மற்றொன்று ஊர் நூலகத்துக்கோ, பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட மைய நூலகத்துக்கோ, ஆய்வு நூலகத்துக்கோ. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், இடம், பேசுகிறவர் பெயர், யார் யார் உடனிருந்தார்கள், எந்த அளவுக்குப் பிறர் கேட்க அனுமதி உண்டு என்பவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிச் சேர்த்துவிட்டால், உங்களுக்குப் பின் அதைத் திறப்பவர் யாரையும் தேடி அலைய வேண்டியிருக்காது.